கைப்பேசிக்கும் உண்டு பெரட்டு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பொழுது விடியுமுன், இருட்டோடு இருட்டாக, எல்லாரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்பார்கள். பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிராணியார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்குரியவர் குரல் கொடுத்தால் அன்றைய கணக்கில் அவர் உண்டு. குரல் வராவிட்டால் இல்லை.

குரல் வராதவருக்கு என்ன நேர்ந்தது என்பது அந்தப் பேரேட்டுக்குத் தெரியுமா? அவர் காய்ச்சலில் படுத்திருக்கலாம். அசதியில் தூங்கிப் போயிருக்கலாம். வழியில் வந்துகொண்டே இருக்கலாம். முதல் நாள் இரவே தோட்டத்தை விட்டுப் போயும் இருக்கலாம். இந்த நான்குக்கும் மௌனம் ஒன்றுதான். மௌனத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இவற்றுள் எது நடந்தது என்று சொல்ல எந்தக் கிராணியாராலும் முடியாது.

இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருளும் இதுவே. நம் கையில் இருக்கும் கைப்பேசி, தூரத்தில் இருக்கும் இன்னொரு கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது. இடையிலே தொடர்பு உயிரோடு இருக்கிறதா, அறுந்துவிட்டதா என்று அது எப்படி அறிந்துகொள்கிறது? பதில் வராதபோது எத்தனை நேரம் காத்திருக்கிறது? இதை நீங்கள் தெரிந்துகொள்வது ஏன் நல்லது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் பினாங்கு ஜார்ஜ் டவுனில் கணினி நிரல் எழுதிப் பிழைப்பவர்கள். செய்திச் செயலிகளுக்கு வேண்டிய ஒரு நிரல் நூலகத்தை எழுதிப் பராமரித்து வருகிறோம். நூலகம் என்றதும் புத்தகம் அடுக்கிய இடத்தை நினைத்துவிடாதீர்கள். கதவு செய்யும் தச்சர் கீலையும் தாழ்ப்பாளையும் தாமே வார்ப்பதில்லை. கடையில் வாங்கிப் பொருத்துகிறார். அதுபோலச் செயலி எழுதுகிறவர்கள் எடுத்துப் பொருத்திக்கொள்ளும் ஆயத்த உறுப்புகளின் தொகுப்புக்குத்தான் எங்கள் தொழிலில் நூலகம் என்று பெயர். எங்கள் நூலகத்தின் வேலை, கைப்பேசிக்கும் நடுவில் இருக்கும் பெரிய கணினிக்கும் இடையே தொடர்பை ஏற்படுத்தி, அது அறாமல் பார்த்துக்கொள்வது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. செபராங் பிறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு தாயார். அவருடைய மகன் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்ப்பவர். ஒரு நாள் இரவு எட்டு மணிக்குத் தகப்பனாருக்கு நெஞ்சு வலி. பக்கத்து வீட்டார் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வேலையில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுப் பதறவைக்க வேண்டாம், பார்த்ததும் அவனே கூப்பிடுவான் என்று எண்ணி, தாயார் செயலியில் செய்தி அனுப்பினார். ‘சேர்ந்தது’ என்று கைப்பேசி காட்டியது.

மகன் வேலை நேரத்தில் கைப்பேசியைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். இரவு ஒரு மணிக்குத் தேநீர் வேளையில் எடுத்துப் பார்த்தார். ‘தொடர்பில் உள்ளது’ என்பதற்கு அடையாளமான பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. செய்தி எதுவும் இல்லை. மறுபடியும் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். காலையில் பக்கத்து வீட்டார் அழைத்துச் சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயமே தெரியும்.

தகப்பனார் பிழைத்துக்கொண்டார். ஆனால் தாயார் மூன்று நாள் மகனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “படிச்சிட்டுப் பேசாம இருந்திட்டானே” என்பது அவருடைய குறை. “எனக்கு ஒண்ணுமே வரலேம்மா” என்று மகன் சொன்னதை அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? ‘சேர்ந்தது’ என்று கைப்பேசி சொல்லியிருக்கிறதே!

அந்தச் செயலியின் உள்ளே இருந்தது எங்கள் நூலகம். மகன் சொன்னது உண்மை. கைப்பேசி சொன்னது பொய். அந்தப் பொய்யை எழுதி வைத்தவர்கள் நாங்கள்.

பொய் எப்படி நேர்ந்தது என்று பார்ப்போம். தொடர்பு என்று சொன்னதும் நம் மனத்தில் ஒரு கம்பி தோன்றுகிறது. இந்த முனையில் இழுத்தால் அந்த முனையில் அசையும் என்று நினைக்கிறோம். இணையத் தொடர்பு அப்படிப்பட்டதன்று. அது இரண்டு முனைகளும் தத்தம் நினைவில் எழுதி வைத்துக்கொள்ளும் ஓர் ஒப்பந்தம். ‘உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்று இங்கே ஒரு குறிப்பு. அங்கேயும் அப்படியே ஒரு குறிப்பு. யாரும் எதையும் அனுப்பாதபோது நடுவிலே எதுவுமே ஓடுவதில்லை.

அந்த நடுவிலே மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். தொலைபேசி நிறுவனத்தின் வாயிலில் இருக்கும் கருவி அது. கைப்பேசிகள் கோடிக்கணக்கில் இருக்க, பழைய முறை இணைய முகவரிகளோ போதுமான அளவில் இல்லை. ஆகவே பல கைப்பேசிகள் ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து வருவது எந்தக் கைப்பேசிக்கு உரியது என்பதை அந்த வாயிற் கருவி தன் பேரேட்டில் குறித்து வைத்துக்கொண்டு பிரித்துக் கொடுக்கிறது. பேரேட்டில் இடம் குறைவு. கொஞ்ச நேரம் பேச்சு இல்லாத தொடர்புகளை அது அடித்துவிடுகிறது. 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த இணையத் தர விதி ஒன்று, நிலைபெற்ற தொடர்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் அடிக்கக் கூடாது என்கிறது. ஆனால் நடைமுறையில் சில நிமிடங்களிலேயே அடித்துவிடும் கருவிகள் உண்டு. அடித்ததை அவை யாருக்கும் சொல்வதுமில்லை.

அந்த இரவு நடந்தது இதுதான். மகனுடைய கைப்பேசி பெட்டிக்குள் சும்மா கிடந்தது. வாயிற் கருவி அந்தத் தொடர்பைத் தன் பேரேட்டிலிருந்து அடித்துவிட்டது. கைப்பேசிக்கு அது தெரியாது. பச்சைப் புள்ளி எரிந்தது. நடுவில் இருந்த கணினிக்கும் தெரியாது. தாயாரின் செய்தியை அந்தச் செத்த தொடர்பில் போட்டது. போட்டவுடனே, ‘சேர்ந்தது’ என்று தாயாருக்குச் சொல்லிவிட்டது. பிறகு அந்தச் செய்திக்கு மறுமுனையிலிருந்து ஏற்பு வராததால், அதற்கு அடியில் இருக்கும் இயங்குதளம் மறுபடியும் மறுபடியும் அனுப்பிப் பார்த்து, ஏறக்குறைய 15 நிமிடம் கழித்து, தொடர்பு இல்லை என்று கைவிட்டது. அதற்குள் பொய் சொல்லப்பட்டாயிற்று. செய்தியும் போயிற்று.

தபால் நிலையத்தில் பதிவுத் தபால் கொடுத்தால் ஒரு ரசீது தருவார்கள். அது கடிதத்தை அவர்கள் வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி. பெற்றவர் கையெழுத்திட்டுத் திரும்பி வரும் ஒப்புகை அட்டை வேறு. நாங்கள் ரசீதைக் காட்டி, ஒப்புகை அட்டை என்று சொல்லிவிட்டோம்.

நேயர்களே, இந்தச் சிக்கல் கைப்பேசியோடு பிறந்ததன்று. இதே பினாங்குக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த சிக்கல் இது. 1870-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலிருந்து வங்கக் கடலின் அடியில் தந்திக் கம்பி ஒன்றைப் பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்து அது சிங்கப்பூருக்கும் நீண்டு, 1871-இல் தந்திப் போக்குவரத்து தொடங்கியது. அதற்கு முன் சென்னைச் செய்தி கப்பல் வந்தால்தான் பினாங்குக்கு வரும்.

கடலடிக் கம்பி இடும் கப்பல் எப்படி வேலை செய்யும் தெரியுமா? கப்பலின் தொட்டிகளில் சுருட்டி வைத்த கம்பி, பின்புறமாக மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்கிக்கொண்டே போகும். ஒரு முனை கரையில். மறு முனை கப்பலில். சொல்வதற்குச் செய்தி எதுவும் இல்லாவிட்டாலும், குறித்த நேரத்துக்கு ஒரு முறை கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஒரு சிறு மின் அடையாளம் போகும். கப்பலின் இருட்டறையில் ஒரு கருவி. அதன் சிறு கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி அளவுகோலின்மேல் அசைந்தால், ஆழ்கடலில் கிடக்கும் கம்பி முழுதாக இருக்கிறது என்று பொருள். குறித்த நேரத்தில் புள்ளி அசையாவிட்டால் உடனே கப்பலை நிறுத்துவார்கள். ஏனெனில் அறுந்ததை அறியாமல் ஒரு நாள் முழுதும் ஓடிவிட்டால், அத்தனை மைல் கம்பியும் வீண்.

பேசுவதற்கு எதுவும் இல்லாதபோதும் ‘இருக்கிறாயா?’ என்று கேட்டு வைப்பது. ‘இருக்கிறேன்’ என்ற பதிலைக் குறித்துக்கொள்வது. எங்கள் தொழிலில் இதைத் தொடர்பை உயிரோடு வைத்திருத்தல் என்கிறோம். 2016-இல் சேவைக்கு வந்த கண்ணாடி இழைக் கடலடிக் கம்பி ஒன்றும் சென்னையையும் பினாங்கையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. கம்பி மாறிவிட்டது, ‘இருக்கிறாயா?’ என்ற கேள்வி மாறவில்லை.

கணினி அரட்டை உலகிலும் இது தொடக்கத்திலேயே இருந்தது. 1988-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினன் என்பவர் ஐ.ஆர்.சி. என்னும் அரட்டை முறையை உருவாக்கினார். 1993-இல் அதன் விதிகள் எழுத்தில் வெளிவந்தபோது, அவற்றில் இரண்டு சிறு கட்டளைகள் இருந்தன. ஒன்றின் பெயர் பிங். மற்றொன்றின் பெயர் பாங். நம் பிள்ளைகள் பள்ளி மண்டபத்தில் ஆடும் மேசைப்பந்துதான்! ஒரு முனை பிங் என்று தட்டும். மறு முனை பாங் என்று திருப்பித் தட்ட வேண்டும். திருப்பாவிட்டால் ஆள் இல்லை என்று தொடர்பை மூடிவிடலாம். 2011-இல் வெளிவந்த வெப்சாக்கெட் என்னும் இணையத் தொடர்பு விதியிலும் அதே பிங், அதே பாங் இருக்கின்றன.

அப்படியானால் எங்கள் நூலகத்தில் ஏன் அது இல்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இணையத்தின் அடித்தளமாகிய டி.சி.பி. என்னும் நெறியே அதைப் பார்த்துக்கொள்ளும் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். அந்த நெறியிலும் உயிர்ச் சோதனை உண்டு. ஆனால் 1989-ஆம் ஆண்டின் விதிப்படி, நிரல் எழுதுகிறவர் கேட்டால் ஒழிய அது நடக்கக் கூடாது. கேட்டாலும், வேறு அளவு சொல்லாதவரை, 2 மணி நேரத்துக்குக் குறைந்து சோதிக்கக் கூடாது. இன்று பெருவாரியான கைப்பேசிகளின் அடியில் இருக்கும் லினக்ஸ் 2 மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகு 75 வினாடிக்கு ஒரு முறையாக 9 முறை கேட்டுப் பார்க்கும். கூட்டினால் 2 மணி 11 நிமிடத்துக்குமேல் ஆகிறது. நெஞ்சு வலிக்காரரின் வீட்டில் அது எத்தனை நீண்ட நேரம்! நாங்களோ அதைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

சரி, அடிக்கடி கேட்டுவிட்டால் தீர்ந்ததா? அங்கேதான் அடுத்த சிக்கல். 30 வினாடிக்கு ஒரு முறை கேட்டால் ஒரு நாளைக்கு 2,880 முறை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டால் 288 முறை. ஒவ்வொரு கேள்வியும் நாலைந்து எழுத்துதான். ஆனால் அதை அனுப்பக் கைப்பேசியின் வானொலிப் பகுதி உறக்கம் கலைந்து எழ வேண்டும். எழுந்தால் உடனே படுக்காது. சில வினாடி விழித்திருந்துதான் மீண்டும் உறங்கும். அத்தனையும் பேட்டரிச் செலவு.

இந்தச் செலவு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஜார்ஜ் டவுனில் கோபுரம் கூப்பிடு தூரத்தில். கைப்பேசி மெல்லப் பேசினாலே போதும். செம்பனைக் காட்டுக்குள், மேடும் பள்ளமுமாகக் கோபுரம் தொலைவில் இருக்கும் இடத்திலோ, அது உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது. கத்தினால் பேட்டரி விரைவில் தீரும். நாங்கள் எங்கள் அறையில், சுவரில் மின்செருகியும் நல்ல வைஃபையும் இருக்கும் இடத்தில் சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்று இருந்தோம். அந்தத் தாயாரின் வீட்டு வாசலில் நின்று ஒரு நாளும் சோதித்ததில்லை. அவருக்கு நேர்ந்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. யாருக்குத் தொடர்பு அடிக்கடி அறுகிறதோ, அவர் எங்கள் கணக்கில் இல்லை.

பிறகு போனோம். இரண்டு மூன்று கைப்பேசிகளை எடுத்துக்கொண்டு தோட்டத்திலேயே சில நாள் இருந்து பார்த்தோம். ஒரு நிறுவனத்தின் தொடர்பு நெடுநேரம் தாங்கியது. இன்னொன்றின் தொடர்பு சில நிமிடத்தில் அறுந்தது. எல்லாருக்கும் ஒரே அளவை எழுதி வைப்பது தவறு என்று தெரிந்தது. இப்போது எங்கள் நூலகம் குறுகிய இடைவெளியில் கேட்கத் தொடங்குகிறது. பதில் ஒழுங்காக வந்தால் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுகிறது. ஓரிடத்தில் தொடர்பு அறுந்தால், அதற்குச் சற்று உள்ளேயே நின்றுகொள்கிறது.

அடுத்த கேள்வி இது: கேட்டாயிற்று; பதிலுக்கு எத்தனை நேரம் பொறுப்பது? நம் தாத்தா பாட்டி காலத்தை நினைத்துப் பாருங்கள். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அந்தக் காலத்தில் ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டு மூன்றாம் நாளே பதில் இல்லையே என்று யாராவது கலங்குவார்களா? கப்பல் போக வேண்டும். கடிதம் படிக்கப்பட வேண்டும். எழுதத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்துப் பதில் எழுத வேண்டும். அது கப்பலேறி வர வேண்டும். அந்தப் போக்குவரத்தைக் கணக்கிட்டே பொறுத்தார்கள். அதற்கு மேலும் வராவிட்டால்தான் கவலைப்பட்டார்கள்.

கணினிக்கும் அதே கணக்கு வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய பாடம் உண்டு. 1986-ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணையத் தொடர்பு திடீரென்று முடங்கியது. இரண்டுக்கும் இடையே தூரம் 400 கெஜம்தான். வினாடிக்கு 32,000 துணுக்குகள் ஓடிக்கொண்டிருந்த வழியில் 40 துணுக்குகளே ஓடின. நடந்து போய்ச் சொல்லிவிட்டு வரலாம் போலிருந்தது! வழியில் நெரிசல், பதில் வரத் தாமதம். தாமதத்தை இழப்பு என்று எண்ணிக் கணினிகள் எல்லாம் மறுபடியும் மறுபடியும் அனுப்பின. அனுப்ப அனுப்ப நெரிசல் கூடியது. வேன் ஜேக்கப்சன் என்ற அறிஞர் அதை ஆராய்ந்து, 1988-இல் தீர்வை வெளியிட்டார். அதன் ஒரு பகுதி மிக எளியது. போய்த் திரும்ப எத்தனை நேரம் ஆகிறது என்று அளந்துகொண்டே இரு. அந்த நேரம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதையும் அளந்துகொள். இரண்டையும் சேர்த்துக் காத்திருக்கும் கெடுவை வை. வழக்கமாகவே தாமதமாகும் பாதையில், தாமதத்தைச் சாவு என்று எண்ணாதே.

அந்தக் கெடுவும் கடந்துவிட்டால்? அப்போது ஒளிக்கக் கூடாது. பச்சைப் புள்ளியை அணைத்து, ‘தொடர்பு இல்லை, மீண்டும் முயல்கிறோம்’ என்று சொல்லிவிட வேண்டும். பிறகு முயல வேண்டும். முயல்வதிலும் ஓர் ஒழுங்கு தேவை. லயத்துப் பொதுக் குழாயில் தண்ணீர் நின்று திரும்ப வரும்போது என்ன நடக்கும்? எல்லாரும் ஒரே நேரத்தில் வாளியோடு ஓடினால் தள்ளுமுள்ளுதான், யாருக்கும் நிறையாது. நடுவில் இருக்கும் கணினி நின்று மறுபடியும் எழும்போது, ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் ஒரே வினாடியில் கதவைத் தட்டினால், எழுந்த கணினி மறுபடியும் விழும். ஆகவே முதலில் ஒரு வினாடி பொறுத்து முயல், கிடைக்காவிட்டால் இரண்டு, பிறகு நான்கு, பிறகு எட்டு. அதோடு ஒவ்வொரு கைப்பேசியும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் ஒரு சிறு நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போது எல்லாரும் ஒன்றாக வந்து மோத மாட்டார்கள்.

கடைசியாக, செய்தியின் கதை. இப்போது எங்கள் நூலகத்தில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. மறு கைப்பேசியே ‘இந்த எண் என் கைக்கு வந்தது’ என்று சொன்னாலன்றி, ‘சேர்ந்தது’ என்று காட்டுவதில்லை. சொல்லாதவரை செய்தி நடுக்கணினியிலேயே பத்திரமாக இருக்கும்; தொடர்பு கிடைத்ததும் மறுபடி போகும். ஒரே செய்தி இரண்டு முறை வந்துவிட்டால், எண்ணைப் பார்த்து ஒன்றைத் தள்ளிவிடும். இதெல்லாம் நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. முன்னோர் எழுதி வைத்திருந்தார்கள். நாங்கள் படித்துப் பின்பற்றத் தாமதித்தோம்.

நேயர்களே, நிரல் எழுதுகிறவர்களின் கடமையைச் சொன்னோம். வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

வாட்சாப் என்றும் புலனம் என்றும் சொல்கிறோமே, அதில் ஒரு சாம்பல் நிறக் கோடு இருந்தால், செய்தி நடுக்கணினி வரையில் போயிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கோடு இருந்தால் எதிராளியின் கைப்பேசியைச் சேர்ந்திருக்கிறது. கைப்பேசியைச் சேர்ந்தது என்றால் கண்ணில் பட்டது என்று பொருளன்று. படித்தால் நீலமாகும், அந்த நீலத்தையும் அவர் அணைத்து வைத்திருக்கலாம். ஆகவே கோட்டைப் பார்த்து ஒருவருடைய மனத்தை அளக்க வேண்டாம்.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு ஆறாம் பதிப்பு முதல், சும்மா கிடக்கும் கைப்பேசி பேட்டரியைக் காக்கச் செயலிகளை உறங்க வைக்கிறது. பேட்டரிச் சிக்கன முறையை இயக்கி வைத்தால் இன்னும் ஆழமாக உறங்க வைக்கும். பிள்ளைகளோ பெற்றோரோ அவசரச் செய்தி அனுப்பக்கூடிய ஒரு செயலிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுத்து வையுங்கள். கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் பேட்டரி என்ற தலைப்பின்கீழ் அது இருக்கும். உங்கள் வீட்டு இளைஞர்களைக் கேட்டால் செய்து தருவார்கள்.

தொடர்பு இருப்பதுபோல் காட்டியும் நெடுநேரம் எதுவும் வரவில்லை என்றால், விமானப் பயண முறையை ஒரு முறை இயக்கி அணையுங்கள். பழைய தொடர்பெல்லாம் அறுந்து புதிது பிறக்கும். காத்துக் கிடந்த செய்திகள் வந்து சேரும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயமானால் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள். பிள்ளையையும் குரலால் அழையுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால், அவர் வேலை செய்யும் இடத்தின் தொலைபேசி எண்ணை முன்னதாகவே எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருங்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள் இன்றைக்கே அந்த எண்ணை வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நிரல்களை எழுதுகிறவர்களில் பலர் தொடர்பு அறாத இடங்களில் உட்கார்ந்திருப்பவர்கள். அறுந்து அறுந்து ஒட்டும் தொடர்போடு வளர்ந்த நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்தால், எங்களுக்குத் தோன்றாத கேள்வி உங்களுக்கு முதல் நாளே தோன்றும். ‘மலைக்குப் பின்னால் இருக்கும் லயத்தில் இது வேலை செய்யுமா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாததால்தான் ஒரு வீட்டில் மூன்று நாள் பேச்சு நின்றது.

அந்தத் தாயாரைப் பிறகு நேரில் போய்ப் பார்த்தோம். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவர் சொன்னது இது: “அந்தக் காலத்திலே பெரட்டுக்கு ஒரு ஆள் வரலேன்னா, எங்க மண்டோர் பேரை அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பையனை லயத்துக்கு ஓடிப் பார்த்துட்டு வரச் சொல்லுவாரு. ஒங்க மெஷினுக்கு அது தெரியலியா தம்பி?”

தெரியவில்லை, அம்மா. இப்போது சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

நேயர்களே, இன்று இரவு தூரத்தில் இருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளை யாரிடமிருந்தாவது சில நாளாகச் செய்தி இல்லை என்றால், கோபிக்குமுன் ஒரு முறை அழைத்து, “இருக்கிறாயாப்பா?” என்று கேட்டுப் பாருங்கள்.

வணக்கம்.